டிஸ்கவர் பாஸ்: காசு காருக்கு, ஆளுக்கு இல்லை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் முதல் கோடையில் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பார்க்குக்குப் போறதுக்கு எதுக்குங்க பாஸ்? வாசல்ல ஆளே இல்லையே?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான மாநிலப் பூங்காக்களில் தடுப்புக் கம்பி கிடையாது, சீட்டுக் கிழிக்கும் ஆள் கிடையாது. லேக் சமாமிஷ் ஏரிக்கரையில் பாயை விரித்து, தயிர்சாதம் சாப்பிட்டு, பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் கார் வைப்பரில் ஒரு காகிதம் செருகியிருக்கும். அபராதம் 99 டாலர்.

எனக்கும் அந்தக் காகிதம் ஒருமுறை வந்தது. அந்த வருடம் கார் பதிவைப் புதுப்பிக்கும்போது மாநிலப் பூங்காக்களுக்கு என்று பில்லில் 5 டாலர் இருந்தது, கட்டியிருந்தேன். அதுதான் பாஸ் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக மலையேறப் போனேன். அந்த 5 டாலர் நன்கொடை. வேண்டாம் என்று நாமே சொன்னால் ஒழிய பில்லில் தானாகச் சேர்ந்துவிடும் நன்கொடை. பாஸ் என்பது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, அப்படியென்றால் டிஸ்கவர் பாஸ் என்பது என்ன? வாஷிங்டன் மாநில அரசின் நிலங்களில் உங்கள் வண்டியை நிறுத்துவதற்கான அனுமதி. பேச்சுவழக்கில் நுழைவுக் கட்டணம் என்கிறோம், ஆனால் சட்டம் கணக்குப் பார்ப்பது ஆளை இல்லை, மோட்டார் வண்டியை. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகளில் முக்கால்வாசி தானாகப் புரிந்துவிடும். ஏழு பேர் ஒரே வேனில் போனாலும் ஒரு பாஸ், ஒருவர் மட்டும் தனிக் காரில் போனாலும் ஒரு பாஸ். நடந்தோ, சைக்கிளிலோ, பஸ்ஸிலோ போனால் பாஸே வேண்டாம்.

வருடப் பாஸ் 45 டாலர், ஒரு நாள் பாஸ் 10 டாலர். 2011-ல் தொடங்கியதிலிருந்து வருடப் பாஸ் 30 டாலராகவே இருந்தது, 2025 அக்டோபர் 1 முதல்தான் ஏறியது. ஒரு நாள் பாஸ் விலை அப்படியே இருக்கிறது. ஆக, வருடத்தில் ஐந்து தடவை போகிறவருக்கு வருடப் பாஸ் லாபம். கடையில் வாங்கினால் மேலே கொஞ்சம் சேவைக் கட்டணம் வரும்.

இந்தக் கட்டணம் வந்த கதையைத் தெரிந்துகொள்ள 2008-க்குப் போகவேண்டும். பொருளாதாரம் சரிந்த நேரம். வாஷிங்டனில் அப்போது மாநில வருமான வரி கிடையாது, கஜானா பெரிதும் நம்பியிருந்தது விற்பனை வரியை. ஜனங்கள் கடைக்குப் போவதைக் குறைத்தால் கஜானா வற்றிவிடும். வற்றியது. பள்ளிக்கூடம், மருத்துவ உதவி, சிறைச்சாலை என்று கைவைக்க முடியாத செலவுகள் வரிசையில் நிற்கும்போது முதலில் வெட்டுப்படுவது பூங்காதான். 2007–09 இரண்டாண்டு பட்ஜெட்டில் மாநிலப் பூங்காத் துறைக்குப் பொது நிதியிலிருந்து சுமார் 9.4 கோடி டாலர் கிடைத்தது. 2011–13 பட்ஜெட்டில் அது சுமார் 1.7 கோடியாகச் சுருங்கியது. 1913-ல் தொடங்கிய துறை, நூறு வயது நெருங்கும் நேரத்தில் பூங்காக்களை மூடுவதைப் பற்றிப் பேச வேண்டிய நிலை.

2011 மே மாதம் ஆளுநர் கிறிஸ் கிரெக்வார் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். (இந்த ஊர் ஆளுநர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் ஊர்க் கணக்கில் முதல்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து பாஸ் நடைமுறைக்கு வந்தது. மாநிலப் பூங்காத் துறை, இயற்கை வளத் துறை, மீன் மற்றும் வனவிலங்குத் துறை ஆகிய மூன்றின் இடங்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ். வரும் பணத்தில் 84 சதவீதம் பூங்காத் துறைக்கு, மற்ற இரண்டுக்கும் தலா 8 சதவீதம் என்று அந்தச் சட்டம் பிரித்துக் கொடுத்தது.

இதற்கு முன்பும் ஒரு தடவை முயன்று பார்த்திருக்கிறார்கள். 2003-ல் மாநிலப் பூங்காக்களில் காருக்கு நாளுக்கு 5 டாலர் வசூலிக்கத் தொடங்கினார்கள். ஜனங்கள் வருவது குறைந்தது, முணுமுணுப்பு கூடியது, 2006-ல் கைவிட்டார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஐந்தே வருடத்தில் அதே பாதைக்குத் திரும்பினார்கள் என்றால் கையில் வேறு வழி இல்லை என்றுதான் அர்த்தம். புதுப் பாஸும் முதல் வருடம் தடுமாறியது. எதிர்பார்த்த வருமானத்தில் பாதி அளவுதான் தேறியது. ஆரம்பத்தில் ஒரு பாஸ் ஒரு காருக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருக்கும் ஊரில் இது எடுபடுமா? 2012-ல் ஒரே பாஸை இரண்டு வண்டிகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்று திருத்தினார்கள்.

அதே நெருக்கடியில் தெற்கே கலிஃபோர்னியா என்ன செய்தது என்பதையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். அங்கே 2010 நவம்பரில், எல்லா வண்டிப் பதிவோடும் வருடம் 18 டாலர் வசூலித்து மாநிலப் பூங்காக்களை இலவசமாகத் திறந்துவிடலாமா என்று வாக்காளர்களிடம் கேட்டார்கள். மாட்டோம் என்று தோற்கடித்தார்கள். அடுத்த வருடம் 278 பூங்காக்களில் 70-ஐ மூடப்போவதாகப் பட்டியல் வந்தது. ஊர்க்காரர்கள் துண்டு ஏந்தி நன்கொடை வசூலித்துப் பல பூங்காக்களைக் காப்பாற்றிய பிறகு, 2012 ஜூலையில் ஒரு செய்தி வெளியானது: பூங்காத் துறையின் இரண்டு நிதிக் கணக்குகளில் சுமார் 5.4 கோடி டாலர் வெளியே சொல்லப்படாமல் கிடந்திருக்கிறது. துறை இயக்குநர் பதவி விலகினார். ஜனங்களிடம் கட்டணம் கேட்கிற துறை முதலில் தன் கணக்கைத் திறந்து காட்டவேண்டும் என்று நான் நினைப்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

இனி பாஸைக் கையாளும் விதம். அது ஒரு அட்டை. ரியர்வியூ கண்ணாடியில் தொங்கவிடவேண்டும், எழுத்து வெளியே இருந்து பார்த்தால் தெரியவேண்டும். வருடப் பாஸில் வண்டி நம்பர் எழுத இரண்டு கட்டம் இருக்கும். அழியாத மையில் எழுதுங்கள். எழுதாமல் வெறுமனே தொங்கவிட்டால் செல்லாது. பாஸ் வீட்டில் மற்ற காரில் இருக்கிறது, ரசீது போனில் இருக்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில் எடுபடாது. ஒரு பாஸ் ஒரே நேரத்தில் ஒரு வண்டியில்தான் இருக்கமுடியும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள் என்று பெரிய வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்தால், இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் தப்பித்தீர்கள், அந்த நம்பரை எழுதிக்கொள்ளலாம். இரண்டும் நிரம்பியிருந்தால் வேனுக்கு ஒரு நாள் பாஸ் வாங்கவேண்டியதுதான். அதனால் ஒரே கார் உள்ளவர்கள் இரண்டாவது கட்டத்தை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கும் வருடப் பாஸ் தபாலில்தான் வரும். நாளைக் காலையே கிளம்புகிறவர்கள் மீன்பிடி உரிமம் விற்கும் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்குவது மேல். கார் பதிவைப் புதுப்பிக்கும்போதே சேர்த்தும் வாங்கலாம். அங்கேதான் அந்த 5 டாலர் நன்கொடையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மாட்டிக்கொள்வது எந்த இடம் யாருடையது என்பதில்தான். பார்வைக்கு எல்லாம் ஒரே காடு, ஒரே மலை. மவுண்ட் சை, லிட்டில் சை இரண்டும் இயற்கை வளத் துறையின் இடம், டிஸ்கவர் பாஸ் வேண்டும். வாலஸ் ஃபால்ஸ், டிசெப்ஷன் பாஸ் இரண்டும் மாநிலப் பூங்கா, வேண்டும். (டிசெப்ஷன் பாஸ் என்பது பாஸின் பெயர் இல்லை, இரண்டு தீவுகளுக்கு நடுவே ஓடும் கடல் கால்வாய். "டிசெப்ஷன் பாஸுக்கு டிஸ்கவர் பாஸ் வேணும்" என்றால் ஊரிலிருந்து வந்தவர்கள் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.) மவுண்ட் சையிலிருந்து பத்து மைல்கூட இல்லாத ராட்டில்ஸ்னேக் லெட்ஜ் சியாட்டில் நகரத்தின் குடிநீர்ப் பகுதியில் இருக்கிறது, வேண்டாம். ஸ்னோக்வால்மி அருவி மின்சார நிறுவனத்துக்குச் சொந்தம், அங்கே இந்தப் பாஸுக்கு வேலை இல்லை. ஃபிராங்க்ளின் ஃபால்ஸ் மத்திய அரசின் வனத்துறை நிலம், அதற்கு நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ். மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்கா, அதன் கட்டணம் தனி. தேசியப் பூங்காக்களின் வருடப் பாஸை மாநிலப் பூங்காவில் காட்டினால் செல்லாது, டிஸ்கவர் பாஸை ரெய்னியரில் காட்டினாலும் செல்லாது. பனிக்காலத்தில் பிள்ளைகளைச் சறுக்க வைக்க ஹயாக் போகிறவர்களுக்கு ஸ்னோ-பார்க் பெர்மிட் என்று, பனிக்கால வண்டி நிறுத்தத்துக்கான அனுமதி இன்னொன்று இருக்கிறது. கிளம்புவதற்கு முன் நீங்கள் நடக்கப்போகும் டிரெயிலின் (மலைப்பாதையின்) பெயரை இணையத்தில் போட்டு எந்தப் பாஸ் என்று பார்க்க இரண்டு நிமிடம் செலவழியுங்கள்.

காசு கொடுக்காமல் போகவும் நியாயமான வழிகள் உண்டு. மாநிலப் பூங்காத் துறை வருடத்தில் 12 நாள் வரை பாஸ் கேட்காமல் விடும். ஜனவரி 1, மார்ச் 19 (துறையின் பிறந்தநாள்), நவம்பர் 11 போன்ற நாட்கள் அதில் வரும். பட்டியலை ஒவ்வொரு வருடமும் வெளியிடுவார்கள். ஆனால் இலவசம் மாநிலப் பூங்காக்களில் மட்டும்தான். அதே நாளில் மவுண்ட் சை போனால் பாஸ் வேண்டும். இலவச நாள் என்று நம்பிப் போய் அபராதம் வாங்கியவர்கள் இதில்தான் தவறுகிறார்கள்.

இன்னொரு வழி நூலகம். பல ஊர் நூலகங்கள் டிஸ்கவர் பாஸை, சில இடங்களில் ஒரு முதுகுப்பையும் கையேடும் சேர்த்து, புத்தகம் மாதிரியே இரவல் தருகின்றன. வரிசை நீளம், ஜூலையில் கேட்டால் இலையுதிர் காலத்தில் கிடைக்கும். சியாட்டிலில் கார் இல்லாதவர்களுக்குச் சீசனில் வார இறுதிகளில் மலையடிவாரம் வரை பஸ் விடுகிறார்கள், டிரெயில்ஹெட் டைரக்ட் என்று பெயர். பூங்காவிலேயே கூடாரம் போட்டுத் தங்கக் கட்டணம் கட்டியவர்களுக்கு அந்தப் பூங்காவில் தனியாகப் பாஸ் தேவையில்லை.

அப்பா அம்மாவுக்கு முதியோர் சலுகை உண்டா என்று கேட்பார்கள். குறைந்த வருமானமுள்ள, 62 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், மாற்றுத்திறனாளிகள், பணியில் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்குத் தனிப் பாஸ்கள் இருக்கின்றன. எல்லாம் வாஷிங்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்குக் கிடைக்காது. ஆனால் கட்டணம் காருக்குத்தானே, அவர்களால் ஒரு காசு கூடுதல் செலவும் இல்லை.

இது நல்ல ஏற்பாடா என்று கேட்டால் எனக்கு அரைமனதுதான். மூடிய கதவைவிட 45 டாலர் கதவு மேல், அதில் சந்தேகமில்லை. வண்டிக்குக் கட்டணம் என்பதால் பெரிய குடும்பங்களுக்கு லாபம், பாட்டி தாத்தாவைக் கணக்குப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போகலாம். ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் பழைய காரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிற குடும்பமும் அதே 10 டாலரைக் கொடுக்கிறது, டெஸ்லாவில் வருகிறவரும் அதே 10 டாலர். வரியில் இருந்தால் இருக்கிறவர் கூடக் கொடுப்பார் என்ற பேச்சுக்காவது இடம் இருக்கும். பஸ் போகாத மலைக்குக் கார் இல்லாமல் போகலாம், இலவசம் என்று சட்டம் சொல்வதிலும் பெரிய தாராளம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, அந்த 99 டாலர் காகிதம் உங்களுக்கு வந்துவிட்டால் கசக்கி எறியாதீர்கள். காகிதம் கொடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வருடப் பாஸ் வாங்கி, வாங்கியதற்கான சான்றை நீதிமன்றத்துக்குக் காட்டினால் அபராதம் 59 டாலராகக் குறையும். நான் அன்று சாயங்காலமே பாஸ் வாங்கினேன். அப்போது விலை 30. அபராதமும் பாஸும் சேர்ந்து 89, முழு அபராதத்தைவிட 10 டாலர் குறைவு. இப்போதைய விலைக்கு 104 ஆகும். 5 டாலர் கூட, ஆனால் வருடம் முழுக்கக் கண்ணாடியில் தொங்கவிட ஒரு அட்டை கையில் இருக்கும். நம்பரை மட்டும் எழுத மறந்துவிடாதீர்கள்.