படம் பார்த்துக் கதை சொன்னதற்காகப் பிள்ளையை என்னிடம் கூட்டி வராதீர்கள்

போன வாரமும் ஒரு அம்மா வந்தார், தண்டையார்பேட்டையிலிருந்து. கையில் நாலாக மடித்த நோட்டுத்தாள். மூன்றாவது படிக்கும் மகன் எழுதிய கதை. வகுப்பில் மிஸ் ஒரு படத்தைக் காட்டி, இதைப் பார்த்து ஆளுக்கொரு கதை எழுதுங்கள் என்றிருக்கிறார். படத்தில் இருட்டான மாடிப்படி, மேலே பாதி திறந்த கதவு. பையன் எழுதியது: "அந்த ரூம்ல ஒரு ஆயா இருந்தாங்க. செத்துட்டாங்க. ஆனா இன்னும் டீ போடுறாங்க." மிஸ் பதறிப்போய் வீட்டுக்கு போன் போட்டுவிட்டார். அம்மாவுக்கு அதற்கப்புறம் தூக்கமில்லை. "புள்ள மனசுல ஏதோ இருக்குன்னு சொல்றாங்க டாக்டர்."

நான் டாக்டர் இல்லை, குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகர். அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன், விடுங்கள்.

அந்தப் பையனோடு கொஞ்ச நேரம் பேசினேன். நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், தெருப் பிள்ளைகளோடு கேரம் ஆடுகிறான். ஆயா செத்துப்போனதும் உண்மை, ஆனால் அது அவன் பிறப்பதற்கு முன்னால். டீ எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "படத்துல கதவு தொறந்திருக்குல்ல, அப்ப உள்ள யாரோ ஏதோ வேலை செய்யறாங்க" என்றான். எட்டு வயதுப் பிள்ளை இதைவிட ஒழுங்காக யோசிக்க முடியுமா? செத்த பிறகும் டீ போடுகிற ஆயா! அந்த வரிக்கு மிஸ் கைதட்டியிருக்க வேண்டும்.

இந்த மாதிரி தாள்கள் என் மேசைக்கு வருவது அதிகமாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். மர்மமான படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்வது அருமையான பயிற்சி. செய்யுங்கள், நிறையச் செய்யுங்கள். ஆனால் பிள்ளை சொன்ன கதையை எக்ஸ்ரே படம் மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நோய் தேடாதீர்கள்.

எங்கள் தொழிலிலும் படம் காட்டிக் கதை கேட்கும் முறை உண்டு. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. ஹார்வர்டில் ஹென்றி மரேயும் கிறிஸ்டியானா மார்கனும் 1930களில் உருவாக்கிய டி.ஏ.டி. (தெமாட்டிக் அப்பர்செப்ஷன் டெஸ்ட்) சோதனையில் 31 அட்டைகள். அதில் ஒன்று எதுவுமே வரையாத வெற்று அட்டை. சின்னப் பிள்ளைகளுக்காக லியோபோல்டு பெல்லாக்கும் சோன்யா பெல்லாக்கும் 1949இல் கொண்டுவந்த சி.ஏ.டி.யில் (சில்ட்ரன்ஸ் அப்பர்செப்ஷன் டெஸ்ட்) 10 படங்கள், எல்லாமே விலங்குகள். இவற்றைப் பற்றி யூடியூபில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, பிள்ளையின் கதையில் பேய் வந்தால் பயம், அம்மா வராவிட்டால் பாசக் குறைவு, கத்தி வந்தால் வன்முறை என்று ஆளாளுக்கு ஒரு அகராதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு அகராதி கிடையாது. ஒரே ஒரு படத்துக்குச் சொன்ன ஒரே ஒரு கதையை வைத்து எங்களில் யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. சொன்னால் அவர் எங்கள் ஆள் இல்லை. வரிசையாகப் பல படங்கள், பெற்றோரிடம் பேச்சு, பள்ளி விவரம், பிள்ளை விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்று எல்லாம் சேர்ந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். அப்போதும் அரைகுறையாகத்தான். இந்தச் சோதனைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை நடக்கிறது.

இன்னொன்று. படமே ஒரு பக்கம் இழுக்கும். இருட்டு மாடிப்படியைக் காட்டினால் பேய்க்கதைதான் வரும். பூங்காவில் பிக்னிக் போகிற கதையா வரும்? யாரோ அழுதுகொண்டிருக்கும் படத்தைக் காட்டிவிட்டு, பிள்ளை சோகமாக எழுதுகிறான் என்று கவலைப்பட்டால் நான் என்ன சொல்ல?

படத்துக்கு வெளியே மீதி வேலையைச் செய்வது ஊர். எண்ணூர்ப் பக்கத்துப் பெண் பிள்ளை ஒருத்தி, ஆற்றில் படகு நிற்கும் படத்துக்குக் கதை சொன்னாள். தண்ணீர் கறுப்பு, படகு கறுப்பு, கொக்கும் கறுப்பு, அப்பாவின் கையும் கறுப்பு. "மனசெல்லாம் இருட்டா இருக்கு மேடம்" என்று எனக்கு விளக்கம் சொன்னார் கூட்டி வந்த அக்கா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை வந்தது. படகு, வலை, பறவை எதுவும் தப்பவில்லை. அவள் அப்பா அதில் இறங்கி வேலை செய்தவர். பிள்ளை கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள். மனசில் இருட்டு இல்லை, தண்ணீரில்தான் இருந்தது.

சரி, எப்படிச் செய்வது?

பயமுறுத்தும் படம் வேண்டாம், ஏதோ ஒன்று விட்டுப்போன படம் போதும். நான் பயன்படுத்தும் ஒரு போட்டோவில் ராத்திரி நேரக் கடைத்தெரு, இறக்கிய ஷட்டர், ஷட்டருக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம், வாசலில் ஒற்றைச் செருப்பு. அவ்வளவுதான். காசிமேட்டுப் பையன் ஒருவன் இதற்குச் சொன்ன கதை: உள்ளே முழுக்க ஐஸ், அதனால்தான் வெளிச்சம் வெள்ளையாக இருக்கிறது. ஐஸுக்குள் மீன்கள் இன்னும் சாகவில்லை. நாளைக்கு ஏலத்தில் யார் முதலில் போவது என்று பேசிக்கொண்டிருக்கின்றன. வஞ்சிரம் மட்டும் ரொம்ப அலட்டிக்கொள்கிறது. செருப்பு? உள்ளே போன ஏலக்காரர் மீன்களின் பேச்சைக் கேட்டு, ஒற்றைக் காலோடு ஓடிவிட்டாராம்.

இவனும் இருட்டுப் படத்திலிருந்துதான் கதை எடுத்தான். யாரும் குறுக்கே பேசவில்லை, அதுதான் விஷயம்.

எனவே குறுக்கே பேசாதீர்கள். முதலில் வாயால் சொல்லட்டும், எழுதுவது அப்புறம். "இன்னாபா", "அத்த இட்டுனு வந்து" என்று வந்தால் வரட்டும். வீட்டுப் பேச்சைத் திருத்தினால் கதை அங்கேயே நின்றுவிடும். பிழையைச் சிவப்புப் பேனாவால் சுழிக்கும் ஆசையைக் கொஞ்ச நேரம் அடக்குங்கள். "அப்புறம்?" என்ற ஒரு கேள்வி போதும். பிள்ளை சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். அந்த மௌனத்தில்தான் அவன் யோசிக்கிறான். "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். கதையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதாக இருந்தால் முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்.

டியூஷன் சென்டர்காரர்களுக்குத் தனியாக ஒரு திட்டு. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. (சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு) தேர்வில், படத்தை 30 நொடி பார்த்து 4 நிமிஷத்தில் கதை எழுதும் சோதனை உண்டு. அதற்குப் பயிற்சி எடுப்பவர்களுக்காக இணையத்தில் உலவும் படங்களை யாரோ இறக்கி, நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கே சங்கடமான படங்கள். அதோடு, சோதனைப் படங்களைத் தெருவில் விட்டால், நாளைக்கு நிஜமாகத் தேவைப்படும்போது அந்தச் சோதனை எதற்கும் உதவாது. தெருவில் நீங்களே ஒரு போட்டோ எடுங்கள். ராயபுரம் ஸ்டேஷன் தூண்களுக்கு நடுவே ஒரு பூட்டிய பெட்டியை வைத்து எடுத்தாலே பத்து கதை வரும்.

அப்படியானால் எதற்குத்தான் கவலைப்படுவது? பிள்ளையே "இது எனக்கு நடந்துச்சு" என்று சொன்னால். எந்தப் படத்தைக் காட்டினாலும் ஒரே ஆள், ஒரே அறை, ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வந்தால். அதோடு தூக்கம் கெடுவது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒதுங்குவது என்று நடப்பிலும் மாற்றம் இருந்தால். அப்போது குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். சொல்வதை அமைதியாகக் கேட்டுக்கொண்டு 1098க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

என் மனசை அரிக்கிற விஷயம் வேறு. பேய்க்கதை சொன்ன பிள்ளையை ஆட்டோ பிடித்துக் கூட்டி வருகிறார்கள். கதையே சொல்லாத பிள்ளையை யாரும் கூட்டி வருவதில்லை. அஞ்சு வயது முடிந்தும், படத்தைக் காட்டினால் "நாய்", "வீடு" என்று பேர் மட்டும் சொல்லி, இரண்டு சம்பவத்தைக் கோத்து ஒரு வரி சொல்ல வராத பிள்ளையை "சாது", "அவங்க அப்பா மாதிரி, பேச மாட்டான்" என்று பெருமையாக விட்டுவிடுகிறார்கள். அம்மா, அந்தப் பிள்ளையைத்தான் கூட்டி வரணும். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், மொழி வளர்ச்சி தாமதமாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். என்னிடம் வருவதற்கு முன்னால் காதைச் சோதித்துவிடுங்கள். நம் வடசென்னைப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். அடிக்கடி காதில் சீழ் வடிந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.