உயிரியல் பூங்காவிலும் மீட்பு மையத்திலும் உள்ள விலங்குகளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

பெயர்ப்பலகையில் காட்டுயிர்ப் பாதுகாப்பு மையம், இயற்கைப் பூங்கா என்று எப்படி எழுதியிருந்தாலும், காட்டு விலங்குகளை அடைத்து வைத்து மக்கள் பார்வைக்கு விடும் இடம் 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் உயிரியல் பூங்காவே ஆகும். பார்வையாளருக்குக் காட்டுவதற்காக அல்லாமல் நடத்தப்படும் மீட்பு மையங்களையும் இனப்பெருக்க மையங்களையும் 2022ஆம் ஆண்டின் திருத்தம் இதே வரையறைக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்துள்ளது. இந்த வரையறை முக்கியமானது. ஏனெனில், மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் எந்த உயிரியல் பூங்காவையும் நடத்தக் கூடாது என்று சட்டத்தின் 38-எச் பிரிவு கூறுகிறது. ஆகவே ஓரிடத்தில் விலங்குகளின் நிலை நமக்குக் கவலை தந்தால், முதலில் அறிந்துகொள்ள வேண்டியது அந்த இடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதைத்தான்.

அங்கீகாரம் பெற்ற இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை 2009ஆம் ஆண்டின் உயிரியல் பூங்கா அங்கீகார விதிகள் விரிவாகச் சொல்கின்றன. ஒவ்வொரு விலங்கின் உடல்நிலையையும் அதன் பொறுப்பில் உள்ளவர் தினமும் பார்க்க வேண்டும். நோயோ காயமோ மிகுந்த பதற்றமோ தென்பட்டால், கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நல்ல உணவு உரிய நேரத்திலும், குடிக்கத் தகுந்த நீர் எந்நேரமும் கிடைக்க வேண்டும். இறந்த விலங்குக்குப் பிரேதப் பரிசோதனை செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். அடைப்பிடம் அந்த விலங்கின் இயல்பான வாழிடத்தை ஒத்திருக்க வேண்டும். அது ஒதுங்கி மறைந்துகொள்ளவும் இடம் இருக்க வேண்டும். புலியையே காணோமே என்று பார்வையாளர் முணுமுணுப்பதை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் புதருக்குப் பின்னால் போய்ப் படுக்க அந்தப் புலிக்கு இடம் இருப்பது அந்தப் பூங்காவின் குறையன்று, விதி நிறைவேறியிருப்பதன் அடையாளம். வாரத்தில் குறைந்தது ஒரு நாளாவது பூங்காவை மூடி வைக்க வேண்டும் என்பதும் இதே விதிகளில் உள்ளது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா செவ்வாய்க்கிழமைகளில் மூடப்படுவதை வெறும் நிர்வாக வசதி என்று நினைப்போர் உண்டு. கூச்சலும் கூட்டமும் இல்லாத ஒரு நாள் விலங்குகளுக்கும் தேவைப்படுகிறது என்பதே என் கருத்து.

பார்வையாளர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓரிடத்தில் ஒரு கரடி, கம்பி வேலியை ஒட்டி எட்டடி நடப்பதும், மூலையில் தலையை ஒருமுறை சுழற்றுவதும், வந்த வழியே திரும்புவதுமாக இருந்தது. அது கால் வைத்த இடங்களில் மண் தேய்ந்து, புல் முளைக்காத ஒரு வாய்க்கால்போல் பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்தில் இருந்த சிமெண்ட் தொட்டியில் நீர் அடியோடு வற்றி, பாசி காய்ந்து கறுத்து ஒட்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் கரடி நடனமாடுவதாகச் சொல்லிக் குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே அசைவைக் காரணமின்றித் திரும்பத் திரும்பச் செய்வது, தன் வாலையோ காலையோ தானே கடித்துக்கொள்வது, உடலில் ரோமம் திட்டுத் திட்டாக உதிர்ந்திருப்பது ஆகியவை நெருக்கடியிலோ வெறுமையிலோ நெடுங்காலம் அடைபட்ட விலங்குகளிடம் காணப்படுபவை. எனினும் தீனி வரும் நேரத்தில் கதவருகே சற்று நேரம் உலாத்துவது இயல்பு என்பதால், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வெவ்வேறு நேரங்களில் பார்த்து, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

பார்வையாளர் மீதும் சட்டம் கடமையை வைத்திருக்கிறது. பூங்காவில் உள்ள விலங்கைச் சீண்டுவது, துன்புறுத்துவது, காயப்படுத்துவது, அதற்குத் தீனி கொடுப்பது, சத்தம் போட்டு அமைதியைக் குலைப்பது, குப்பை போடுவது ஆகிய அனைத்தையும் 38-ஜே பிரிவு தடை செய்கிறது; மீறினால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க வழி உண்டு. குரங்குக்கு ஒரு பிஸ்கட் போடுவதும் கண்ணாடியைத் தட்டிப் பாம்பை அசைய வைப்பதும் இதற்குள் அடங்கும்.

புகார் எழுதும்போது அடைப்பிடத்தின் பெயர், விலங்கு, தேதி, நேரம், கண்ட நிலை ஆகியவற்றை மட்டும் எழுதி, படமோ காணொளியோ இருந்தால் இணைத்து அனுப்ப வேண்டும். கொடுமை, சித்திரவதை போன்ற சொற்களைவிட, இன்ன தேதியில் பிற்பகல் 2 மணிக்குத் தொட்டியில் நீர் இல்லை என்ற ஒரு வரியே விசாரிக்க வருபவருக்கு உதவும். முதல் கடிதம் அந்தப் பூங்காவின் பொறுப்பு அலுவலருக்குப் போகட்டும். பல குறைகள் அங்கேயே சரிசெய்யப்படக் கூடியவை. அங்குள்ள விலங்குக் காப்பாளர்கள் பலர் போதிய ஆள் இல்லாமல் திணறிக்கொண்டே விலங்குகளை அன்போடு பார்த்துக்கொள்பவர்கள் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். பதில் இல்லையெனில் மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கும் புதுதில்லியில் உள்ள மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கும் எழுதலாம். அரசு நடத்தும் பூங்காவாக இருந்தால், இறப்புப் பதிவேடு, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தனியார் பூங்காவாக இருந்தால், ஆணையத்தின் வசமுள்ள ஆய்வு அறிக்கையை ஆணையத்திடமே கேட்கலாம்.

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் அடைபட்ட விலங்குகளுக்குப் பொருந்தும். ஆனால் முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். இந்தத் தொகை கட்டாயம் உயர்த்தப்பட வேண்டும். அதுவரை, அங்கீகாரத்தின் நிபந்தனைகளைச் சுட்டிக்காட்டி எழுதும் புகாருக்கே வலு அதிகம். ஏனெனில் நிபந்தனைகளை மீறும் பூங்காவின் அங்கீகாரத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கோயம்புத்தூர் வ.உ.சி. பூங்காவில் இருந்த உயிரியல் பூங்காவின் அங்கீகாரம் 2022இல் இவ்வாறு ரத்தானது. ரத்து ஆணையை எதிர்த்து மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை பூங்காவுக்கும் உண்டு.

எந்த அலுவலகமும் அசையாத நிலையில், தனிமனிதர் ஒருவரே நீதிமன்றத்தை நாட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 55ஆவது பிரிவு இடம் தருகிறது. அதற்கு 60 நாட்களுக்குக் குறையாத முன்னறிவிப்பை உரிய அதிகாரிக்கு எழுத்துமூலம் கொடுத்திருக்க வேண்டும் என்பதால், முதல் கடிதத்திலிருந்தே ஒவ்வொன்றையும் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.