விரல் போனால் எவ்வளவு? இழப்பீட்டுக் கணக்கு போடும் விதம்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு பட்டறை, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது. 2025 மார்ச்சில் பவர் பிரஸ் அடித்து, முப்பது வயதுத் தொழிலாளிக்கு ஆள்காட்டி விரல் முழுதாகப் போய்விட்டது. சம்பளம் மாதம் 18,000. ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்ட முதலாளி, தையல் பிரித்த கையோடு 50,000 ரூபாயை நீட்டி, 'செட்டில்மெண்ட்' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.

போடலாமா? முதலில் கணக்குப் பார்ப்போம்.

இந்த விபத்து நடந்தபோது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் மூன்று எண்களைத்தான் கேட்கிறது: சம்பளம், வயது, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000க்கு மேல் கணக்கில் வராது (2020 ஜனவரி 3 முதல் இந்த வரம்பு). அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கு ஒரு காரணி, அதாவது பெருக்க வேண்டிய எண், உண்டு. முப்பது வயதுக்கு 207.98, நாற்பதுக்கு 184.17, வயது ஏற ஏற இறங்கும். 9,000ஐ 207.98ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். இனி எந்த வேலையுமே செய்ய முடியாதவருக்கு இந்த முழுத் தொகையும் போகும்.

நம் ஆளுக்குப் போனது ஒரு விரல். எந்த உறுப்புக்கு எத்தனை சதவீதம் என்று சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, கட்டைவிரல் 30, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. படிக்கவே ஒரு மாதிரியாக இருக்கும் பட்டியல், ஆனால் பேரம் பேச இடமில்லாமல் செய்வது அதுதான். 18,71,820இல் 14 சதவீதம் 2,62,055 ரூபாய். நீட்டியதோ 50,000! ஆஸ்பத்திரிச் செலவை இதில் கழிக்கவும் முடியாது; அது முதலாளி தனியாகக் கொடுக்க வேண்டியது.

பட்டியலில் இல்லாத காயம் என்றால், உதாரணமாக முதுகுத்தண்டில் அடி, மருத்துவர் மதிப்பிடும் திறன் இழப்பைத்தான் எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழில் வெறும் 'ஊனம் 30%' என்று மட்டும் இருந்தால் வழக்கு இழுக்கும். உடம்பின் ஊனம் வேறு, சம்பாத்தியத்தின் இழப்பு வேறு. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 1975இல் இழப்பை நூறு சதவீதமாகவே ஏற்றது. மருத்துவரிடம் போகும்போது, உங்கள் வேலை என்ன, அதில் அந்த உறுப்பு எதற்கு வேண்டும் என்பதை விளக்கிச் சொல்லுங்கள்.

சரி, அந்தக் கையெழுத்து? இருவரும் பேசி முடிக்கத் தடையில்லை. ஆனால் ஒப்பந்தத்தை, இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம். தொகை குறைவாக இருந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவாகாத தாளைக் காட்டி முதலாளி மீதிப் பணத்திலிருந்து தப்ப முடியாது. 'உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது.

ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால், அந்த 1923 சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஏறும். நம் உதாரணத்தில் அது வருடத்துக்கு 31,000 ரூபாய்க்கு மேல். தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால், தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம்.

இ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. அங்கே மருத்துவக் குழு சதவீதம் குறிக்கும். அதற்கேற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. 60 சதவீதம், வயதுக் காரணி, உறுப்புப் பட்டியல் என்ற கணக்கு முறை அதிலும் தொடர்கிறது. இழப்பீடு கேட்கும் மனுவை விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள். சம்பளச் சீட்டு, வயதுச் சான்று, ஆஸ்பத்திரியில் முதலில் எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.