டீபக்கை அணைத்ததும் சிஎஸ்எஸ் எங்கே போகிறது?

பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதிய தளம் சொந்தக் கணினியில் பளிச்சென்று தெரியும். சர்வரில் ஏற்றி, பிழைகளை விவரமாகக் காட்டும் டீபக் அமைப்பை ஃபால்ஸ் (அணை) என்று மாற்றியதும் வண்ணமும் வடிவமும் போய் வெறும் எழுத்துதான் மிஞ்சும். அட்மின் பக்கத்துக்கும் அதே கதி. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றுக்கும் எதிரே 404, அதாவது கோப்பு கிடைக்கவில்லை என்ற பதில். இது பிழை அல்ல. ஜாங்கோ வேண்டுமென்றே செய்வது.

உருவாக்கும் காலத்தில் ஓடும் ஜாங்கோவின் சோதனை சர்வரான ரன்சர்வர், ஒவ்வொரு கோரிக்கைக்கும் நாம் பட்டியலிட்ட ஃபோல்டர்களையும் தளத்தின் பகுதிகளான ஆப்புகள் ஒவ்வொன்றிலும் இருக்கும் ஸ்டேட்டிக் (சிஎஸ்எஸ், படம் போன்ற மாறாத கோப்புகளுக்கான) ஃபோல்டரையும் வரிசையாகத் தேடி, முதலில் அகப்பட்ட கோப்பைத் தரும். வேகமோ பாதுகாப்போ அதன் நோக்கம் அல்ல. நேரடித் தளத்தை நடத்தும் குனிகார்னிடம் இந்த வசதி கிடையாது. கோரிக்கைகளைக் கையாளும் அதன் வழக்கமான வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். லோகோ படத்தை அனுப்பிக்கொண்டிருந்தால் உள்நுழைய வந்தவர் காத்திருக்க வேண்டும். குனிகார்னுக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் சென்ட்ஃபைல் என்ற அமைப்பை இயக்கிவிட்டால் கோப்பை இயங்குதளத்தின் மையமான கெர்னலே நேராக நெட்வொர்க்குக்குத் தள்ளிவிடும். பைத்தானுக்கு அங்கே வேலையே இல்லை.

எனவே ஜாங்கோவின் பங்கு கோப்புகளைத் திரட்டுவதோடு முடிகிறது. ஸ்டேட்டிக் ரூட் அமைப்பில் ஒரு காலி ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுத்து, கலெக்ட்ஸ்டேட்டிக் கட்டளையை ஓட்டினால் எல்லாம் அங்கே நகலாகும். இரண்டு ஆப்புகளில் ஒரே பாதையில் ஸ்டைல்.சிஎஸ்எஸ் இருந்தால் முதலில் கிடைத்தது மட்டுமே நகலாகும். ஸ்டேட்டிக் ஃபோல்டருக்குள் ஆப்பின் பெயரில் இன்னொரு ஃபோல்டர் வைத்துக்கொண்டால் இந்த மோதல் வராது.

அதிகம் பேர் இடறுவது என்ஜின்எக்ஸ் அமைப்பில்தான். ஸ்டேட்டிக் முகவரிக்கான லொகேஷன் பகுதியில், திரட்டிய ஃபோல்டரை ரூட் என்று எழுதினால் முகவரியில் உள்ள ஸ்டேட்டிக் என்ற பகுதியையும் பாதையோடு ஒட்டி, ஸ்டேட்டிக்குக்குள் இன்னொரு ஸ்டேட்டிக்கைத் தேடிவிட்டு 404 தரும். அங்கே, முகவரியின் அந்தப் பகுதிக்குப் பதிலாக ஃபோல்டரை வைக்கும் அலையஸ் போட வேண்டும். லொகேஷன், அலையஸ் இரண்டின் முடிவிலும் சாய்கோடு அவசியம். லொகேஷனில் மட்டும் அதை விட்டுவிட்டால், ஸ்டேட்டிக் என்பதை அடுத்து இரண்டு புள்ளிகளை ஒட்டி முகவரி அமைப்பவருக்கு மேல் ஃபோல்டரில் உள்ள கோப்புகளும் திறந்துவிடும். செட்டிங்ஸ் கோப்பு அங்கே இருந்தால் ரகசியச் சாவியே போய்விடும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

404 போய் 403 வந்தால் அனுமதிச் சிக்கல். கோப்பைப் படிக்க அனுமதி இருந்தால் போதாது. அதற்குப் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் என்ஜின்எக்ஸ் பயனருக்கு நுழையும் உரிமை வேண்டும். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்களின் அனுமதி 750, அதாவது உரிமையாளரும் அவர் குழுவும் தவிர மற்றவர்கள் நுழைய முடியாது. அதனால் ஸ்டேட்டிக் ரூட்டை ஹோமுக்கு வெளியே வைப்பதே நல்லது.

அடுத்தது கேஷ், அதாவது பிரவுசர் கோப்பின் நகலைச் சேமித்து வைத்துக்கொள்வது. மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜை இயக்கினால் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட 12 எழுத்து ஹேஷ் கோப்பின் பெயரோடு சேரும்; பழைய பெயருக்கு எந்தப் புதுப் பெயர் என்ற பட்டியலே மேனிஃபெஸ்ட். உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும். ஆகவே 31536000 விநாடி, அதாவது ஓராண்டு, வைத்துக்கொள்ளும்படி பிரவுசருக்குத் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் டெம்ப்ளேட்டில், கோப்பின் முகவரியை எழுதித் தரும் ஸ்டேட்டிக் டேக் இல்லாமல் பாதையைக் கையால் எழுதியிருந்தால் ஹேஷ் இல்லாத பழைய பெயரே போகும். நீங்கள் மாற்றிய சிஎஸ்எஸ் பழைய வாசகருக்குப் போய்ச் சேராது. மறுபுறம், டேக்கில் குறிப்பிட்ட கோப்பு மேனிஃபெஸ்டில் இல்லையென்றால் பக்கமே 500 பிழையில் விழும். மேனிஃபெஸ்டை ஜாங்கோ தொடங்கும்போதுதான் படிக்கிறது. அதனால் முதலில் கலெக்ட்ஸ்டேட்டிக், பிறகு குனிகார்ன் ரீஸ்டார்ட்.

என்ஜின்எக்ஸ் வைக்க வழியில்லாத ஹோஸ்டிங்கில், பைத்தான் வழியாகவே கோப்புகளைத் தரும் ஒயிட்நாய்ஸ் போதும். கோரிக்கை வரும் வழியில் இயங்கும் அதன் மிடில்வேரை, ஜாங்கோ அமைப்பில் உள்ள செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்த வரியிலேயே சேர்க்க வேண்டும். டீபக் அணைந்திருக்கும்போது தொடக்கத்தில் ஒருமுறைதான் அது கோப்புகளைப் பட்டியலிடும். ஆகவே பயனர்கள் பதிவேற்றும் படங்களுக்கு அது உதவாது. அவற்றுக்குத் தனி ஃபோல்டரும் தனி முகவரியும் ஒதுக்குங்கள்.