ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைப்பது ரிப்பேர் ஆகாது

மறுபடியும் அதே கதை. பைக் பட்டறைக்கு வருகிறது, நின்றிருக்கும்போது இன்ஜின் ஓடுகிற வேகத்தை (ஐடிலிங், பட்டறை பாஷையில் 'ஸ்லோ') வைக்கிற ஐடில் ஸ்க்ரூ கடைசி மரை வரை உள்ளே போய் இறுகிக் கிடக்கிறது. "சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுதுண்ணே, அதான் ஸ்லோவைக் கொஞ்சம் ஏத்தி வெச்சேன். பத்து நாள் நல்லா ஓடுச்சு. இப்போ திரும்பவும் ஆஃப் ஆகுது, திருக இடம் இல்ல" என்கிறார் வண்டிக்காரர். முகம்தான் மாறுகிறது, சொல்லும் வார்த்தை மாறுவதில்லை. இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஸ்க்ரூ என்ன செய்கிறது என்று ஒருமுறை தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை முழுசாக விட்ட பிறகும் கார்புரேட்டருக்குள் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) இருக்கும் த்ராட்டில் என்கிற காற்றுக் கதவு ஒரு மயிரிழை திறந்திருக்கும்படி முட்டுக் கொடுப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. அடைப்பை எடுக்காது. காற்றுக் கசிவை மூடாது. ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கிற பெட்ரோல் பைலட் ஜெட் என்கிற சின்னஞ்சிறு துளை வழியாக வருகிறது. அது அடைத்துக்கொண்டால் வண்டி ஆஃப் ஆகும். அப்போது ஸ்க்ரூவை ஏற்றினால் த்ராட்டில் கூடுதலாகத் திறந்து, வண்டி ஓட்டும்போது பெட்ரோல் வருகிற மற்ற வழிகளிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். வண்டி ஆஃப் ஆகாது. நீங்கள் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் யாரோ பக்கத்தில் நின்று ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்திருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. உள்ளே அடைப்பு அப்படியே இருக்கிறது, நாளுக்கு நாள் கூடுகிறது. அதனால்தான் பத்து நாள் கழித்து மறுபடியும் திருக வேண்டி வருகிறது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. ஸ்லோ ஏறிய வண்டி ஆக்சிலேட்டரை விட்டாலும் அடங்காது. இன்ஜின் கொடுக்க வேண்டிய பிடி கிடைக்காமல், முன்னால் தள்ளிக்கொண்டே போகும். நனைந்த ரோட்டில் வளைவுக்குள் நுழையும்போது அந்தத் தள்ளல் என்ன செய்யும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நியூட்ரலில் இருந்து முதல் கியர் போடும்போது 'டங்'கென்று அடிக்கிறதே, அதற்கும் பல நேரம் இதுதான் காரணம். சிறிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 1,300 முதல் 1,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) போதும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள். அதையும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் வைக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு ஸ்லோ வைத்தால், மதியம் அது இரைச்சலாகிவிடும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் வண்டியைக் கவனியுங்கள். குளிரில் மட்டும் ஆஃப் ஆகிறதா, சூடான பிறகா? ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் வேகம் சட்டென்று இறங்குகிறதா, மேலேயே தொங்கி நின்று மெதுவாக இறங்குகிறதா? பாதிக் கோளாறு இங்கேயே தெரிந்துவிடும்.

காசு செலவில்லாத ஒரு சோதனை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் ஏறி இறங்கினால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். கைப்பிடியில் சில மில்லிமீட்டர் வெற்று அசைவு இருக்க வேண்டும்; அதுகூட இல்லாமல் இறுக்கி வைத்திருப்பார்கள், அல்லது கேபிளைத் தப்பான பக்கமாகக் கொண்டுபோயிருப்பார்கள். முன்பக்கம் ஏதாவது வேலை பார்த்த பிறகு இது அடிக்கடி வரும்.

ஆர்பிஎம் தொங்கி நின்று மெதுவாக இறங்கினால் அடுத்துப் பார்க்க வேண்டியது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். விரலால் வளைத்துப் பார்த்தால் மடிப்புக்குள் வெடிப்பு வாய் திறக்கும். அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு அந்த இணைப்பில் தண்ணீரை லேசாக ஸ்ப்ரே செய்யுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். தண்ணீருக்குப் பதில் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கச் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது தீப்பற்றும் திரவம், பக்கத்தில் சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரே போதும்.

இனி பைலட் ஜெட். வண்டியை வாரக்கணக்கில் எடுக்காமல் வைத்திருந்தால், கார்புரேட்டருக்குள் தேங்கிய பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். முதலில் அடைவது இந்த ஜெட்தான், ஏனென்றால் அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் ஊசியும் கம்பியும் விட்டுக் குத்தாதீர்கள்! ஜெட் பித்தளை, மெத்தென்றது. அப்படிக் குத்தி வந்த ஜெட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வட்டமாக இருந்த துளை முட்டை வடிவில் கீறிப் போயிருக்கிறது, சிலவற்றில் ஒடிந்த கம்பியே உள்ளே நிற்கிறது. அதற்கப்புறம் அந்த ஜெட் அளவுக்கு மேல் பெட்ரோல் விடும், பிளக் கறுக்கும், என்ன டியூன் பண்ணினாலும் அமையாது. கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தம் அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுத்தமான வட்டப் புள்ளியாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லையா, புதுசு போடுங்கள். உள்ளே ரப்பர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) இருக்கிற கார்புரேட்டர் என்றால் அதைக் கழற்றிவிட்டுத்தான் கிளீனர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பிப் போகும்.

பெட்ரோல், காற்று கலவையைச் சரிசெய்கிற மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன், மென்மையாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அழுத்தி இறுக்கினால் முனை போய்விடும். இன்னொன்று: எல்லா வண்டியிலும் அது ஒரே பக்கம் வேலை செய்யாது. த்ராட்டிலுக்கு இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருகப் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருகக் காற்று கூடும். நண்பன் வண்டிக்குச் சரியாக இருந்தது உங்கள் வண்டிக்குத் தலைகீழாக இருக்கலாம்.

ஏர் ஃபில்டர், பிளக் இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பார்த்துவிடுங்கள்.

சூடான பிறகு மட்டும் ஆஃப் ஆகிற வண்டியில் பெரும்பாலோர் மறக்கிற இடம் டேப்பட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் நடுவில் விடுகிற மெல்லிய இடைவெளி. சத்தம் வந்தால் கெட்டது, வராவிட்டால் நல்லது என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. லேசாகச் சத்தம் போடுகிற டேப்பட்டைவிட, சத்தமே இல்லாமல் இறுகிப்போன டேப்பட்டைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். இடைவெளி போய்விட்டால் சூட்டில் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், ஐடிலிங் முதலில் சாகும். அப்படியே ஓட்டினால் வால்வு கருகும். "சத்தம் வருது, டைட் பண்ணிடுங்க" என்று யாரும் கேட்காதீர்கள். கேட்டாலும் அளவுக்கு மேல் டைட் பண்ண மாட்டேன்.

கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிற பியூயல் இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு த்ராட்டில் பாடியில் ஸ்க்ரூ தேட வேண்டாம். பெயிண்ட் பூசி சீல் வைத்த ஸ்க்ரூ ஒன்று அங்கே இருந்தால் அது கம்பெனியில் வைத்தது, தொடக்கூடாது. அதை அசைத்துவிட்டால் த்ராட்டில் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்ற கணக்கே கம்ப்யூட்டருக்குத் தப்பிவிடும். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா பாருங்கள், பேட்டரி வோல்டேஜ் பாருங்கள், த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். அதற்கு மேல் ஸ்கேனர் வேலை.

எந்த வண்டியானாலும் மூடிய அறைக்குள் ஓடவிட்டு ஸ்லோ வைக்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயக்கம் வரும்போது எழுந்து வெளியே போகத் தெம்பு இருக்காது. வெளியில் வைத்துப் பாருங்கள்.

நீங்களே பார்த்தும் பிடிபடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள். டேப்பட் இடைவெளியை ஆறிய இன்ஜினில்தான் அளக்க முடியும். குளிர்ந்த வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதையும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.