“என் அக்கவுண்ட் பிரைவேட்தானே, மேடம்?”

“வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்.” பெற்றோர் இப்படித்தான் கூட்டி வருவார்கள். பதின்வயதினருக்கான ஆலோசகராக இருக்கும் எங்களுக்கு இது பழகிப்போன தொடக்கம். அப்பா அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், கடைசியில் ஒரு போன் விவகாரம் வெளியே வரும். கூடவே அந்த வாக்கியமும்: “என் அக்கவுண்ட் பிரைவேட்தானே, மேடம்?”

இந்த வாக்கியத்தை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சமீபத்தில் வந்த பெண்ணுக்கு 15 வயது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வகுப்புத் தோழியின் பெயரோடும் படத்தோடும் இன்ஸ்டாகிராமில் ஒரு ரிக்வெஸ்ட் வந்திருக்கிறது. “பழைய ஐடி லாக் ஆயிடுச்சு, இது புதுசு” என்று ஒரு மெசேஜ். இவளும் அக்செப்ட் செய்துவிட்டாள். அந்த நொடியிலேயே அவள் இரண்டு வருடமாகப் போட்டிருந்த எல்லாமே அந்த ஆளுக்குத் திறந்துவிட்டன. பிறந்தநாள் கேக், சீருடையில் எடுத்த செல்பி, டியூஷன் மாடிப்படியில் நின்ற படம், ‘தினமும் இதே பஸ்’ என்ற வரி. பிறகு ஒருநாள், “ஆறரைக்கு நீ எந்த வாசல் வழியா வருவேன்னு எனக்குத் தெரியும். ஒரு போட்டோ அனுப்பு, தொல்லை பண்ண மாட்டேன்” என்றிருக்கிறான். பயத்தில் ஒன்றை அனுப்பிவிட்டாள். தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

சரி, பிரைவேட் என்று போட்டால் உண்மையில் என்ன நடக்கிறது? புதிதாகப் பின்தொடர வருகிறவர் உங்கள் அனுமதியைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். உங்கள் பெயர், முகப்புப் படம், பயோ மூன்றும் அப்போதும் எல்லோருக்கும் தெரியும். பயோவில் பள்ளிப் பெயரும் பிறந்த தேதியும் இருந்தால் அவையும் தெரியும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் உள்ளேயேதான் இருப்பார்கள். அவர்களில் யார் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அந்தப் பதிவைப் போட்டவருக்குத் தகவல் வராது. தோழியின் கணக்கு எல்லோருக்கும் திறந்திருந்து, அவள் போட்ட படத்தில் நீங்கள் நின்றால் உங்கள் செட்டிங்கால் ஒரு பயனும் இல்லை. எண்ணூறு பேரை உள்ளே விட்டுவிட்டுப் பிரைவேட் என்று சொல்வது, எண்ணூறு சாவி செய்து கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிவிட்டேன் என்று சொல்வது மாதிரி. அந்த எண்ணூறில் ஒருவரின் பாஸ்வேர்டு திருடுபோனால்கூட, திருடியவன் உங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுவான்.

‘ஒருமுறை மட்டும் பார்க்கலாம்’ என்று அனுப்பும் படமும் அப்படித்தான். ஆப் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கலாம், பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படமெடுப்பதை அதனால் தடுக்க முடியாது.

பெற்றோரிடமும் எனக்குக் கோபம் உண்டு. பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, வகுப்பு, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் பெருமையாகப் பொதுவில் போட்டுவிட்டு, “நீ ஏன் போட்டோ போட்டாய்?” என்று பிள்ளையை அடிப்பது எந்த நியாயம்? முதலில் உங்கள் பக்கத்தில் இருப்பதை எடுங்கள்.

பிள்ளைகளே, இன்றைக்கே செய்ய வேண்டியவை இவை. நேரில் தெரியாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். தோழி பெயரில் புது ஐடி வந்தால், அவளுக்கே போன் போட்டுக் குரலைக் கேட்டுவிட்டு அக்செப்ட் செய்யுங்கள். கேமரா செட்டிங்கில் இருப்பிடத்தை அணையுங்கள், இல்லையென்றால் படம் எடுத்த இடம் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். எங்காவது போன படத்தை அங்கிருந்து கிளம்பிய பிறகு போடுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். ‘உன் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன?’ என்ற விளையாட்டுக் கேள்விகளுக்குப் பதில் போடாதீர்கள். கணக்கை மீட்கும்போது சில தளங்கள் கேட்கிற கேள்விகளும் அவைதான்.

மிரட்டல் ஏற்கெனவே வந்துவிட்டதா? பணமும் கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். ஒன்று கிடைத்தால் அடுத்ததைக் கேட்பான், நான் பார்த்தவரை யாரும் ஒன்றோடு நிறுத்தியதில்லை. பதற்றத்தில் சாட்டை அழிக்காதீர்கள். மிரட்டல் மெசேஜ்களையும் அவன் ஐடியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள் கண்ணா. பயந்து ஒரு படம் அனுப்பியது குற்றம் இல்லை. மிரட்டுகிறவன்தான் குற்றவாளி.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளை சொல்ல வந்தால் போனைப் பிடுங்காதீர்கள். போன் போய்விடுமே என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் மாதக்கணக்கில் வாயே திறப்பதில்லை. “நீ சொன்னது நல்லது, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லிவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காவல்துறையில் புகார் கொடுங்கள்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படங்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை 2023 முதல் இயங்குகிறது. பெரியவர்களுக்கு 2021-இல் வந்த ‘ஸ்டாப் என்சிஐஐ’ இருக்கிறது. இரண்டிலுமே படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்துக்கான ஓர் எண் அடையாளம் மட்டும் உருவாகி, சேவையில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது அங்கே ஏற்றினால், அடையாளத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தளமே அதை நீக்க முடியும். எல்லாத் தளங்களும் இதில் இல்லை. இன்ஸ்டாகிராம், பேஸ்புக், டிக்டாக் இருக்கின்றன. டேக் இட் டவுனில் பெயர்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.