சுயாதீனம்: இண்டி பேண்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

போன வருடம் சித்திரைத் திருவிழா நோட்டீஸ் வேலையெல்லாம் முடிந்து, அச்சகம் கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு மதியம் நாலு பேர் வந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். அவள் முதுகில் கிட்டார் பை. பிழைதிருத்தும் மேசைக்கு முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள். 'மதுரையின் இண்டி பாப் பங்க், ஆல்டர்நேட்டிவ் ராக் பேண்டு' என்று எழுதியிருந்தது.

"இதைத் தமிழ்ல போடணும்ணே. தமிழ் எழுத்துல இல்ல, தமிழ்லயே" என்றாள் அந்தப் பெண்.

மதுரையில் பிழைதிருத்துகிறவனிடம் யாரும் இதைவிட நல்ல வேலை கொடுக்க முடியாது. இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு நாளில் தேடியதும் யோசித்ததும்தான் இது.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். பேண்டு என்பதற்கு இசைக்குழு என்ற சொல் நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழர்களிடம் இன்னியம் என்ற அழகான சொல்லும் உண்டு. இயம் என்றால் வாத்தியம். சங்கப் பாடல்களில் வாத்தியக்காரர்களுக்கு இயவர் என்று பெயர். நம் பக்கத்துத் தெருவில் கேட்டால் செட்டு என்பார்கள். பேண்டு செட்டு, கரகாட்டச் செட்டு, நையாண்டி மேளச் செட்டு. அந்த மேளம் என்ற சொல்லுமே கூட்டத்தைத்தான் குறிக்கிறது. வடமொழியில் ஒன்றுசேர்தலைச் சொல்லும் மேல என்பதிலிருந்து வந்தது அது. நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் எல்லாம் சேர்ந்தால்தான் பெரிய மேளம். ஆக நாலு பேர் சேர்ந்து வாசிப்பதற்கு நம்மிடம் சொல் பஞ்சமே இல்லை.

ராக் என்பதைப் பாறை என்று மொழிபெயர்த்து ஒரு புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். தவறு. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அசைவது, ஆடுவது என்றுதான் பொருள், படகு ஆடுகிற மாதிரி. ராக் என்றே எழுதலாம், எல்லோருக்கும் தெரியும். ஆல்டர்நேட்டிவ் என்பதற்கு மாற்று. 1980களில் அமெரிக்கக் கல்லூரி வானொலிகள், பெரிய நிலையங்கள் ஒதுக்கிய பாட்டுகளைப் போட்டபோது புழக்கத்துக்கு வந்த பெயர் அது. தமிழில் மாற்று என்பதற்குத் தங்கத்தின் தரம் என்றும் ஒரு பொருள் இருப்பதால் எனக்கு அந்தச் சொல்லை ரொம்பப் பிடிக்கும். பத்தரை மாற்று என்கிறோமே, அந்த மாற்று.

பங்க் வேறு கதை. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் அது விலைமகளைக் குறித்த வசை. பிற்பாடு அமெரிக்காவில் உதவாக்கரைப் பையன், தெருப் பொறுக்கி என்று பொருள் மாறியது. 1970களின் தொடக்கத்தில் இசை விமர்சகர்கள் முரட்டுத்தனமான ராக் பாட்டுகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பாடியவர்களே அதை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். நம்மைத் திட்டிய சொல்லை நாமே பெயராக வைத்துக்கொண்டால் திட்டியவனுக்கு அது பயன்படாது. இதை மொழிபெயர்த்தால் அந்த வரலாறு போய்விடும். பங்க் பங்க்காகவே இருக்கட்டும்.

அப்புறம் பாப் பங்க். பாட்டு இரண்டு மூன்று நிமிடம்தான், ஓட்டமாக ஓடும். ஆனால் முதல் தடவை கேட்கும்போதே மெட்டு வாயில் ஒட்டிக்கொள்ளும், அதுதான் பாப். கிட்டாரில் பெரும்பாலும் இரண்டே சுரம் சேர்ந்த கோர்வை. அந்தப் பெண் மேசை ஓரத்தில் உட்கார்ந்து ஒலிபெருக்கி இல்லாமலே வாசித்துக் காட்டினாள். மேல் தந்தியில் ஆள்காட்டி விரல், அடுத்த தந்தியில் இரண்டு கட்டம் தள்ளி மோதிர விரல். வலது கை மேலிருந்து கீழாக மட்டுமே அடித்துக்கொண்டிருந்தது. கேட்டவுடன் தெரிந்தது, அது ஷட்ஜமமும் பஞ்சமமும். தம்புராவில் நாள் முழுக்க ஒலிக்கிற அதே ஜோடி. பழந்தமிழில் சொன்னால் குரலும் இளியும். பவர் கார்டு என்று அவர்கள் சொல்வதைக் குரல் இளிக் கோர்வை என்று எழுதினால் இசை தெரிந்த தமிழருக்கு உடனே புரியும்.

சரி, இண்டிக்கு வருகிறேன். இரண்டு நாளில் முக்கால்வாசி நேரம் இதற்குத்தான் போனது.

இண்டிபெண்டண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் இண்டி. மூலம் லத்தீன்; தொங்குவது என்பது வேர்ப்பொருள். எதையும் பிடித்துத் தொங்காமல் நிற்பது என்று சொல்லலாம். பிரிட்டனில் இது இசைக்குரிய சொல்லாக வேர்பிடித்ததற்கு மான்செஸ்டர் நகரத்து நாலு இளைஞர்களைச் சொல்ல வேண்டும். பஸ்காக்ஸ் என்ற அந்தக் குழு, வேண்டியவர்களிடம் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, தட்டு நிறுவனத்துக்குத் தானே ஒரு பெயர் வைத்து, நாலு பாட்டு கொண்ட ஒரு இசைத்தட்டை 1977 ஜனவரியில் வெளியிட்டது. முதலில் அடித்தது 1,000 பிரதி. கடைசியில் 16,000 வரை போனது. கம்பெனி வாசலில் நிற்காமல் தட்டு போட முடியும் என்று அதைப் பார்த்துத்தான் பல ஊர்களில் பலர் தெரிந்துகொண்டார்கள். பிற்பாடு பாப் பங்க் என்று பெயர் பெற்ற இசைக்கு முன்னோடிகளில் ஒருவராகவும் இவர்களையே சொல்கிறார்கள். 1980இல் பிரிட்டனில் இண்டி தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே வந்துவிட்டது. பெரிய கம்பெனிகளின் வினியோக வலைக்கு வெளியே போகும் தட்டுதான் அந்தப் பட்டியலில் ஏறும். அப்போது இண்டி என்றால் எந்த மாதிரிப் பாட்டு என்ற பேச்சே இல்லை. பணம் யாருடையது, கடைக்கு யார் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் கேள்வி. பின்னால்தான் அது ஒரு பாணியின் பெயராகவும் மாறியது.

கம்பெனிக்கு உள்ளே, வெளியே என்ற இதே பிரிவு மதுரைக்காரர்களுக்கு நூறு வருடமாகப் பழக்கம். 1918இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பையன்களைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் பயிற்சி கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போகும் பாய்ஸ் கம்பெனிகளின் காலம் அது. அதற்கு மறுபக்கம் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்து அழைப்பார்கள். கம்பெனி முதலாளி கிடையாது. ஆக, இண்டி என்பதற்கு மதுரை வைத்த பெயர் ஸ்பெஷல். இதைக் கண்டுபிடித்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ஆனால் ஒரு இடத்தில் பொருந்தவில்லை. ஸ்பெஷல் நாடகக்காரர்கள் மேடையில்தான் ஒன்றுசேர்வார்கள், விடிந்ததும் அவரவர் வழி. பேண்டு என்பது நாலு பேர் வருடக்கணக்காகப் பிரியாமல் இருப்பது.

வேறு சொற்களையும் போட்டுப் பார்த்தேன். சுயேச்சை என்று போஸ்டரில் போட்டால் தேர்தல் நினைவுதான் வரும். தனியிசை என்றால் ஒற்றை ஆள் பாடுவதாகப் படும். சுதந்திரம் அருமையான சொல். அதிலுள்ள தந்திரம் வடமொழியில் நெசவுப் பாவு நூலையும் தறியையும் குறிக்கும். தந்திக்கும் அதே வேர்தான். தன் தந்தி தன் கையில் என்று கிட்டார்க்காரர்களுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் ஆகஸ்ட் 15 அந்தச் சொல்லை முழுசாக எடுத்துக்கொண்டது.

பத்திரிகைகள் இப்போது சுயாதீன இசை என்று எழுதுகின்றன. முதலில் எனக்கு அது ஒட்டவில்லை, விறைப்பாக இருந்தது. இரண்டாம் நாள் இரவுதான் அப்பாவின் பெட்டி ஞாபகம் வந்தது. அப்பா மேலூரில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். அவர் எழுதிவைத்த பழைய நகல் ஒன்றை எடுத்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் மை பழுப்பாகியிருந்தது. சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று போய், அதற்கு முந்தின வரியில் சுவாதீனம் ஒப்படைத்துவிட்டபடியால் என்று இருந்தது.

சுவாதீனம்தான் சுயாதீனம். சுவ என்றால் தன், ஆதீனம் என்றால் கைவசம், ஆட்சிக்குள் இருப்பது. மதுரை ஆதீனம் இருக்கும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். பத்திரத்தில் சுவாதீனம் என்றால் சொத்து யார் கையில் இருக்கிறது என்பது. கை கால் சுவாதீனம் இல்லை, புத்தி சுவாதீனம் இல்லை என்றும் சொல்கிறோம், தன் உடம்பும் மனசும் தன் வசத்தில் இல்லை என்ற பொருளில். தன் பாட்டு தன் வசத்தில் இருப்பதைச் சொல்ல இதைவிட நெருங்கிய சொல் ஏது?

பெரிய கம்பெனி ஒப்பந்தம் எப்படி என்று யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். நம்ம ஊரில் வீட்டை ஒத்திக்கு விடுகிறோம். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வீட்டின் சுவாதீனத்தைக் கொடுக்கிறோம். பத்திர மொழியில் அது சுவாதீன அடமானம். காசைத் திருப்பிக் கொடுத்தால் வீடு திரும்பி வரும். இசைக் கம்பெனியும் ஒரு தொகை முன்பணம் தருகிறது. அதைப் பாடகர்களின் பங்கிலிருந்தே பிடித்துக்கொள்கிறது. ஆனால் வழக்கமான ஒப்பந்தத்தில், காசு முழுக்க அடைந்த பிறகும் மூலப்பதிவு கம்பெனிக்கே சொந்தம். ஒத்திக் காசைக் கொடுத்து முடித்தாலும் வீடு வராது. மாஸ்டர் என்று சொல்லும் அந்த மூலப்பதிவைத் தாய்ப்பதிவு என்று சொல்லலாம், தாய்ப்பத்திரம் மாதிரி.

கிரீன் டே என்ற அமெரிக்கப் பாப் பங்க் குழுவின் வரலாறு இந்தச் சொல்லுக்கு நல்ல உரைகல். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1986 கடைசி நாளில் தொடங்கிய கில்மன் தெரு அரங்கில் வளர்ந்தவர்கள். தன்னார்வலர்கள் நடத்திய அரங்கு. பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு மேடை இல்லை என்பது அப்போது அங்கே விதி. முதல் இரண்டு தொகுப்புகளையும் லுக்அவுட் என்ற உள்ளூர்ச் சிறு நிறுவனம் வெளியிட்டது. பிறகு வார்னர் என்ற பெரிய கம்பெனியைச் சேர்ந்த ரிப்ரைஸுக்குப் போனார்கள். 1994இல் வந்த அடுத்த தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிக்கு மேல் போனது. கில்மன் கதவு அவர்களுக்கு அடைபட்டது. விலைபோனவர்கள் என்ற பேச்சும் வந்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. சிறு நிறுவனம் தர வேண்டிய ராயல்டி பாக்கி நின்றதால், 2005இல் கிரீன் டே தன் முதல் இரண்டு தொகுப்புகளின் உரிமையையும் லுக்அவுட்டிடமிருந்து எடுத்துக்கொண்டது. பெரியதா சிறியதா என்ற கணக்கில் பார்த்தால் இண்டி என்ற சொல்லுக்கு இங்கே பொருளே இல்லை. இண்டி நிறுவனத்திடம் இருந்தபோதும் அந்தப் பாட்டுகளின் சுவாதீனம் வேறொருவரிடம்தான் இருந்தது. சுயாதீனம் என்ற தமிழ்ச்சொல், மூலமான ஆங்கிலச் சொல்லைவிடச் சரியான இடத்தில் கை வைக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். தூய தமிழ் வேண்டுமென்றால் தன்னுடைமை இசைக்குழு என்று எழுதலாம், பொருள் குறையாது. தற்சார்பு என்பதைச் சிலர் விரும்புகிறார்கள். யாரையும் சாராமல் எந்தக் குழுவும் வாழ்ந்ததில்லை. கடன் கொடுத்த நண்பர், கடைக்காரர், அரங்கைக் கூட்டிப் பெருக்கும் தன்னார்வலர் எல்லோரையும் சார்ந்துதான் அது நிற்கிறது. அதனால் அந்தச் சொல்லுக்கு என் ஓட்டு இல்லை.

மூன்றாம் நாள் நாலு பேரும் வந்தார்கள். 'மதுரை சுயாதீன இசைக்குழு', அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பாப் பங்க், மாற்று ராக்', அதற்கும் கீழே 'எல்லாம் சொந்தப் பாட்டு' என்று வைத்திருந்தேன். கடைசி வரி நானாகச் சேர்த்தது. சினிமாப் பாட்டுக் கச்சேரி என்று நினைத்து யாரும் வந்துவிடக் கூடாதே. அப்பாவின் நகலையும் காட்டினேன். அந்தப் பெண் சுவாதீனம் என்ற இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். பாட்டைப் பதிவுசெய்து தருவதாகச் சொன்ன ஒருவர் கையெழுத்துக் கேட்டிருந்த ஒப்பந்தம்.

"இதுல அந்த வார்த்தை எங்கண்ணே வருது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.